‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பப்படும் இளம் பெற்றோர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாசகர் கேள்வி-பதில் பகுதியில் சென்ற வாரம் ஐந்து மாதக் குழந்தையின் தாய் ஒருவர் எழுதியிருந்தார். குழந்தையைத் தூங்கவைக்கும்போதும் பாலூட்டும்போதும், எந்தக் காரணமும் இல்லாமல் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, உயிர் போய்விடும் என்றே தோன்றுகிறது, கால்மணி நேரத்தில் தானாக அடங்கிவிடுகிறது, இருமுறை மருத்துவமனைக்குப் போயும் இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், அப்படியானால் எனக்கு என்னதான் ஆகிறது என்பது அவருடைய கேள்வி. முதல் குழந்தை என்றால் பயம் இருக்கத்தான் செய்யும், மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு வேலைகளில் கவனத்தைத் திருப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அதற்குப் பதில் அளிக்கப்பட்டிருந்தது. பதில் எழுதியவர் நல்லெண்ணத்துடன்தான் எழுதியிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்தத் தாய் கேட்டதற்கு அது பதில் அன்று. அவர் விவரித்திருப்பது பெரும்பாலும் பேனிக் அட்டாக் எனப்படும் பீதித் தாக்காக இருக்கக்கூடும் என்றோ, அதை மருத்துவர் ஒருவர் உறுதிசெய்ய வேண்டும் என்றோ, அதற்குச் சிகிச்சை உண்டு என்றோ அந்தப் பதிலில் ஒரு சொல்கூட இல்லை.

நான் மருத்துவன் அல்லன். அந்தத் தாய் இப்போது நிற்கும் இடத்தில் பதினொரு மாதங்கள் நின்ற ஒரு தகப்பன். அந்த உரிமையில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

என் மகளுக்கு அப்போது நான்கு மாதம். இரவு இரண்டு மணி இருக்கும். அழுதுகொண்டிருந்தவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அறைக்குள் நடந்துகொண்டிருந்தேன். அவள் கண்ணயர்ந்து, மூச்சு சீராகி, இனிக் கீழே கிடத்தலாம் என்று நினைத்த வேளையில், என் நெஞ்சுக்குள் ஏதோ நழுவியதுபோல் இருந்தது. அடுத்த சில நொடிகளில் இதயம் காதுக்குள் கேட்கும் அளவுக்கு அடிக்கத் தொடங்கியது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு அடிவரை போகவில்லை. உதடுகளைச் சுற்றியும் விரல்நுனிகளிலும் ஊசி குத்துவதுபோல் இருந்தது. அறையும் நானும் வெவ்வேறு இடத்தில் இருப்பதுபோல ஒரு விலகல் ஏற்பட்டது. சாகப்போகிறேன் என்ற எண்ணம் வந்தது உண்மை. ஆனால் அதைவிடவும் பெரிதாக வந்த எண்ணம், குழந்தை என் கையில் இருக்கிறாள், நான் விழுந்தால் அவளும் விழுவாள் என்பது. அவளை எப்படித் தொட்டிலில் கிடத்தினேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. தரையில் உட்கார்ந்து மனைவியைக் கூப்பிட்டேன். குரல் வந்ததா என்பதும் தெரியவில்லை, அவர் வந்தார்.

மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை செய்தார்கள். எல்லாம் முடிந்தபோது விடிந்திருந்தது. “ஒன்றுமில்லை, தைரியமாகப் போங்கள்” என்றார் பணியில் இருந்த மருத்துவர். அந்தச் சொல் அப்போது வரமாகத்தான் ஒலித்தது. மூன்று வாரங்கள் கழித்து அதேபோல் மீண்டும் வந்தபோது, அதே சொல் என்னை முன்னிலும் ஆழமாகக் கலக்கியது. ஒன்றுமில்லாமல் ஒருவனுக்கு இப்படி வருமா? அப்படியானால் கண்டுபிடிக்க முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது, அல்லது எனக்குப் புத்தி பேதலிக்கிறது. இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒரு விளக்கம் இருக்க முடியும் என்று அந்த மருத்துவமனையில் எவரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்று முறை போனேன். மூன்று முறையும் இதயம் நன்றாக இருக்கிறது என்று மட்டுமே தெரிந்துகொண்டு திரும்பினேன். அந்த மருத்துவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. மாரடைப்பு இல்லை என்று உறுதிசெய்வது அவர்கள் கடமை, அதைச் செவ்வனே செய்தார்கள். ஆனால் இல்லாததைச் சொன்ன அளவுக்கு இருப்பதைச் சொல்ல ஒரு நிமிடம் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கும். அந்த ஒரு நிமிடம் கிடைக்காததால் நான் இழந்தது என் மகளின் முதல் ஆண்டில் பெரும் பகுதியை.

எப்படி இழந்தேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இளம் பெற்றோரிடம் இந்தக் கோளாறு எடுக்கும் உருவம் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு நோயாகவே தெரிவதில்லை. குளிக்கும் தொட்டியில் அவள் இருக்கும்போது எனக்கு மயக்கம் வந்துவிட்டால் என்ன ஆவது என்று, அவளைக் குளிப்பாட்டுவதை முதலில் விட்டேன். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்குவதை விட்டேன். பிறகு காரில் அவளைத் தனியாக அழைத்துச் செல்வதை. ஆறேழு மாதங்களுக்குள், மனைவி அரைமணி நேரம் வெளியே போவதாக இருந்தாலும் யாரேனும் ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன். இல்லையென்றால் ஆம்புலன்ஸ் எண்ணைக் கைப்பேசித் திரையில் எடுத்துவைத்துக்கொண்டு, வாசல் தாழ்ப்பாளைத் திறந்துவைத்துவிட்டு, குழந்தையின் பக்கத்தில் தொடாமல் உட்கார்ந்திருப்பேன். உதவிக்கு வருபவர்கள் உள்ளே வருவதற்காகத் தாழ்ப்பாள். ஒவ்வொன்றையும் கைவிட்டபோது, பொறுப்புள்ள ஒரு தகப்பன் செய்ய வேண்டியதையே செய்கிறேன் என்று நான் மனமார நம்பினேன். தன் உயிருக்கு அஞ்சி ஒதுங்குபவனிடம் ‘வீண் பயம்’ என்று சொல்லிப் பார்க்கலாம். குழந்தையின் உயிருக்காக ஒதுங்குபவனிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவனே தனக்குச் சொல்லிக்கொள்வதும் இல்லை. பெற்றோர்க்கு வரும் பீதி மற்றவர்களுக்கு வருவதைவிட நீண்டகாலம் மறைந்திருக்க இதுவே காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

என் மனைவியைப் பற்றியும் ஒரு சொல். குழந்தை பெற்று உடல் தேறாத நிலையில், குழந்தையின் வேலைகளோடு என் பங்கையும் சேர்த்து அவரே சுமந்தார். நான் சோம்பலினால் ஒதுங்குகிறேனா, குழந்தையின் மீது பாசம் இல்லையா என்று அவர் உள்ளுக்குள் வருந்திய மாதங்கள் உண்டு என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். என்னால் சொல்ல முடியவில்லை. சொல்வதற்கு என்னிடம் பெயர் இல்லை.

பெயர் கிடைத்தது முதல் தாக்கு வந்து பதினொரு மாதங்கள் கழித்து, ஒரு மனநல மருத்துவரின் அறையில். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு அவர் கூறியவற்றை, பின்னர் நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றோடு சேர்த்து இங்கே தருகிறேன்.

பீதித் தாக்கு என்பது திடீரென்று எழுந்து சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தணியும் கடும் அச்ச அலை. படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குமட்டல், தலைசுற்றல், மரத்துப்போதல், சூழல் நிஜமற்றதாகத் தோன்றுதல், செத்துவிடுவோம் என்ற பயம், புத்தி பேதலித்துவிடும் என்ற பயம் உட்பட 13 அறிகுறிகள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்டவை ஒருசேர வந்தால் அதை முழுமையான தாக்கு என்கிறார்கள். இது தூக்கத்திலிருந்தும் ஒருவரை எழுப்பிவிடும். கெட்ட கனவு எதுவும் கண்டிருக்க வேண்டியதில்லை. தாக்கு வந்த பிறகு, மீண்டும் வருமோ என்ற கவலையோ அதற்கு அஞ்சி வாழ்க்கையை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அது பீதிக் கோளாறு ஆகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் இது தனிக் கோளாறாக இடம்பெற்றது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, 1871-இல், ஜேக்கப் மெண்டிஸ் டா கோஸ்டா என்ற மருத்துவர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய படைவீரர்கள் பலருக்கு இதயத்தில் நோய் எதுவும் புலப்படாமலேயே படபடப்பும் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வருவதைப் பதிவு செய்திருந்தார். போர்முனையில் நின்றவர்களுக்கு வந்த ஒன்றை மனத்திடம் இல்லாதவர்களுக்கு வருவதாக நாம் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 25 நாடுகளில் நடந்த உலக மனநல ஆய்வுகளின் முடிவுகள் 2016-இல் வெளியாயின. வாழ்நாளில் ஒரு முறையாவது பீதித் தாக்குக்கு உள்ளானவர்கள் சுமார் 13 சதவீதம் என்று அவை கூறுகின்றன. இவர்களில் மிகச் சிலருக்கே அது கோளாறாக வேரூன்றுகிறது.

உடலுக்குள் நடப்பது என்ன என்று அறிந்ததுதான் எனக்குப் பேருதவியாக இருந்தது. ஆபத்து என்று மூளை கருதும்போது அட்ரினலின் சுரந்து இதயத்தையும் மூச்சையும் விரைவுபடுத்துகிறது. தப்பி ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் ஆயத்தமாகிறது. ஓடுவதற்கு எதுவும் இல்லாதபோது, வேகமாக விடும் மூச்சு உடலிலிருந்து கரியமில வாயுவை அளவுக்கு மீறி வெளியேற்றிவிடுகிறது. அதனால் மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய்கள் சற்றுச் சுருங்கித் தலை சுற்றுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடி விரல்களும் உதடுகளும் மரத்துப்போகின்றன. மூச்சு போதவில்லை என்று தோன்றும் அந்த நேரத்தில் ரத்தத்தில் பிராணவாயுவுக்குக் குறைவே இருப்பதில்லை. இந்த உணர்வுகளை மாரடைப்பு என்றோ பைத்தியம் என்றோ நாம் தவறாகப் பொருள்கொள்ளும்போது அச்சம் பெருகுகிறது. அச்சம் பெருகினால் உணர்வுகளும் பெருகுகின்றன. டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986-இல் விளக்கிக் காட்டிய இந்தச் சுழற்சியை அறுப்பதே சிகிச்சையின் அடிப்படை.

அந்த மருத்துவர் இதை வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. தம் எதிரிலேயே ஒரு நிமிடம் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிடச் சொன்னார். நாற்பது நொடிகளுக்குள் அதே ஊசி குத்தல், அதே தலைசுற்றல், அதே விலகல். பதினொரு மாதங்களாக என்னை ஆட்டிவைத்த அந்தப் பயங்கரத்தை நானே என் மூச்சால் வரவழைத்தேன். அவர் சொன்னபடி மூச்சைத் தளர்த்தியதும் அதுவே அடங்கிற்று. அந்த அறையில் நான் அழுதேன். (இதை எல்லோரும் வீட்டில் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது. இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களுக்கும் கருவுற்றிருப்பவர்களுக்கும் இது ஏற்றதன்று. மருத்துவர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும்.)

அன்று நான் கேட்ட முதல் கேள்வி, குழந்தையைக் கையில் வைத்திருக்கும்போது மயங்கி விழுந்துவிட மாட்டேனா என்பது. மயக்கம் பொதுவாக ரத்த அழுத்தம் திடீரென்று இறங்குவதால் வருவது, பீதியிலோ ரத்த அழுத்தம் சற்று ஏறுகிறது, ஆகவே பீதித் தாக்கில் மயங்கி விழுவது மிக அரிது என்றார். ரத்தத்தையோ ஊசியையோ கண்டால் மயங்கும் இயல்புள்ளவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. இந்த ஒரு செய்தி நான்காம் மாதத்தில் எனக்குத் தெரிந்திருந்தால் என் மகளைக் குளிப்பாட்டுவதை விட்டிருக்க மாட்டேன்.

தனியாகக் குழந்தையுடன் இருக்கும்போது தாக்கு வந்தால் என்ன செய்வது என்பதற்கும் அவரிடம் தெளிவான விடை இருந்தது. நின்றுகொண்டிருந்தால் குழந்தையுடன் அப்படியே தரையில், சுவரில் சாய்ந்து உட்கார வேண்டும். கை நடுக்கம் அதிகமாக இருந்தால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டு அருகில் உட்காரலாம். பாதுகாப்பான இடத்தில் கிடத்தப்பட்ட குழந்தை சில நிமிடங்கள் அழுவதால் அதற்குத் தீங்கு வந்துவிடாது. வண்டி ஓட்டும்போது வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூச்சை ஆழமாக இழுக்க முயலாமல், இழுப்பதைவிட விடுவதை நீளமாக்க வேண்டும். காகிதப் பையை மூக்கில் வைத்து மூச்சுவிடும் பழைய வழக்கத்தை மருத்துவர்கள் இப்போது பரிந்துரைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதை விரட்டப் போராடக் கூடாது. வந்திருப்பது பீதி, உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, குழந்தையின் முதுகைத் தடவுவதோ துணியை மடிப்பதோ, அதுவரை செய்துகொண்டிருந்த சிறு வேலையை மெதுவாகத் தொடர வேண்டும். மூச்சுப் பயிற்சியும்கூட ஒரு கட்டத்தில், அது இல்லாவிட்டால் தப்ப முடியாது என்ற ஊன்றுகோலாகிவிடும் என்று எச்சரித்தார். தாழ்ப்பாளைத் திறந்துவைத்த என்னை அவர் நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்.

அந்தத் தாய்க்கு இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பீதியாக இருக்கலாம் என்று தாமே முடிவு கட்டிக்கொள்வதும் தவறு. பிரசவத்துக்குப் பின் முதல் ஓராண்டில் ஏறத்தாழ இருபது பெண்களில் ஒருவருக்குத் தைராய்டு சுரப்பியில் அழற்சி ஏற்படுகிறது. அதன் தொடக்கக் கட்டத்தில் வரும் படபடப்பும் நடுக்கமும் பதற்றமும் பீதியை அப்படியே ஒத்திருக்கும். ரத்தசோகையும் படபடப்பைத் தரும். பிரசவத்தை அடுத்த வாரங்களில் ரத்தக்கட்டி நுரையீரலை அடைக்கும் ஆபத்து கூடுதலாக உண்டு. இதயத் தசை பலவீனமடையும் ஒரு நோய் பிரசவத்துக்குப் பிந்தைய ஐந்து மாதங்கள்வரை வரக்கூடும். ஆகவே முதல் முறை நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் மருத்துவமனைக்குப் போவதே முறை. ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ, படுத்தால் மூச்சு முட்டுதலோ, உண்மையாகவே மயங்கி விழுதலோ இருந்தால் எத்தனையாவது முறையானாலும் போக வேண்டும். நான் கேட்பது அங்கே போனவரை ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லோடு திருப்பி அனுப்பாதீர்கள் என்பதை மட்டுமே.

இன்னொன்றையும் வெளிப்படையாக எழுதாமல் இருக்க முடியவில்லை. பதற்றத்தில் இருக்கும் பெற்றோர் பலருக்கு, குழந்தையை நாமே கீழே போட்டுவிடுவோமோ, ஏதாவது செய்துவிடுவோமோ என்ற அருவருப்பான எண்ணங்கள் கேளாமலே வந்து போகும். எனக்கும் வந்தன. அவற்றை எவரிடமும் சொல்ல நான் துணியவில்லை. சொன்னால் குழந்தையை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்று அஞ்சினேன். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரசவித்த தாய்மாரில் ஏறத்தாழப் பாதிப் பேர் குழந்தைக்கு வேண்டுமென்றே தீங்கு செய்வது பற்றிய எண்ணங்கள் தங்களுக்கு விருப்பமின்றித் தோன்றியதாகக் கூறியிருக்கிறார்கள். அத்தகைய எண்ணம் வந்து அதனால் ஒருவர் திடுக்கிட்டுப் பதறுகிறார் என்றால், அவர் அதைச் செய்ய விரும்பவில்லை என்பதையே அது காட்டுகிறது. ஆனால் எண்ணம் சரியானதாகவே தோன்றத் தொடங்கினாலோ, இல்லாத குரல்கள் கேட்டாலோ, பல நாள் தூக்கமே தேவைப்படாததுபோல் இருந்தாலோ அது வேறு. ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் வரும் அந்த மனநோய் அவசர சிகிச்சைக்குரியது. ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

எனக்கு அளிக்கப்பட்ட சிகிச்சை அறிவுசார் நடத்தைச் சிகிச்சை எனப்படுவது. வாரம் ஒரு முறையாகப் பன்னிரண்டு அமர்வுகள். கைவிட்டவற்றைக் கைவிட்ட வரிசைக்கு மாறாகத் திரும்ப எடுப்பதே அதன் பெரும்பகுதி: தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் மகளோடு தனியாக இருத்தல், பிறகு அரைமணி நேரம், பிறகு கார், பிறகு படிக்கட்டு, கடைசியாகக் குளியல். ஒவ்வொரு முறையும் பயம் வந்தது. வந்து, ஏறி, இறங்கியது. சிலருக்கு மருந்தும் வேண்டியிருக்கும். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். தாய்ப்பாலில் குறைந்த அளவே கலப்பதால் பாலூட்டும் தாய்மாருக்கு மருத்துவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதுண்டு. உடனே அமைதி தரும் அல்பிரசோலம் போன்றவற்றை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது எவருக்கும் ஆகாது. அவை பழக்கமாகிவிடுபவை, அதோடு இரவில் குழந்தை அழுதால் எழ முடியாத உறக்கத்தையும் தருபவை. தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்துகொண்டே இருக்கும் உடல் எப்போதும் விழிப்பின் விளிம்பிலேயே நிற்கிறது. நானும் மனைவியும் இரவை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொருவரும் ஐந்து மணி நேரமாவது இடையறாமல் தூங்கத் தொடங்கிய பிறகுதான் தாக்குகளின் எண்ணிக்கை குறைந்தது. காபியைக் குறைத்ததும் உதவியது.

என் பயம் குழந்தையையும் தொற்றிக்கொள்ளுமோ என்ற கவலையே கடைசிவரை என்னை விடவில்லை. அந்தக் கவலைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 1985-இல் வெளியான புகழ்பெற்ற ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி பதித்த மேசையின் மீது விட்டார்கள். நடுவில் சிறு பள்ளம் இருப்பதுபோல் தோற்றம். எதிர்ப்புறத்தில் நின்ற தாயின் முகத்தில் மகிழ்ச்சியைக் கண்ட 19 குழந்தைகளில் 14 பேர் தவழ்ந்து கடந்தார்கள். அச்சத்தைக் கண்ட 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. குழந்தை நம் முகத்தைப் படித்தே உலகை அளக்கிறது என்பது உண்மை. ஆனால் அது நம்மை எப்போதும் ஒரே முகத்தோடு காண வேண்டியதில்லை. நல்ல பிணைப்புள்ள தாயும் சேயும்கூடப் பல நேரம் ஒருவரோடொருவர் இசையாமல் விலகி, பிறகு மீண்டும் கூடுகிறார்கள் என்பதைக் குழந்தை வளர்ச்சி ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இதை அறிந்த பிறகு, என் முகத்தை மறைக்க அறையை விட்டு ஓடுவதை நிறுத்தினேன். மகளுக்கு இப்போது மூன்று வயது. சென்ற மாதம் ஒரு முறை தாக்கு வந்தபோது, “அப்பாவுக்கு நெஞ்சு வேகமாக அடிக்கிறது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்” என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு, தன் பொம்மைக்குச் சட்டை மாட்டுவதைத் தொடர்ந்தாள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் உலகில் 30 கோடியே 10 லட்சம் பேர் பதற்றக் கோளாறுகளோடு வாழ்ந்தார்கள். அவர்களில் சிகிச்சை பெறுபவர்கள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர். இளம் பெற்றோரைப் பொறுத்தவரை இந்த இடைவெளியைக் குறைக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். குழந்தை பிறந்த முதல் ஆண்டில் பெற்றோர் தடுப்பூசிக்காகவும் எடை பார்ப்பதற்காகவும் எத்தனையோ முறை மருத்துவப் பணியாளர்கள் முன் வந்து அமர்கிறார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய 1987-இல் உருவாக்கப்பட்ட எடின்பரோ வினாப்பட்டியலில் பத்தே கேள்விகள்தான். அவற்றில் நான்காவதும் ஐந்தாவதும், தகுந்த காரணமின்றிக் கவலையோ பதற்றமோ அடைந்தீர்களா, அச்சமோ பீதியோ கொண்டீர்களா என்றே கேட்கின்றன. என் மனைவியிடம் அந்தப் பட்டியலை ஒரு முறை நிரப்பச் சொன்னார்கள். பக்கத்து நாற்காலியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் அமர்ந்திருந்தேன். அந்த இரண்டு கேள்விகளை என் பக்கம் திரும்பி ஒருவர் கேட்டிருந்தால், ஆம் என்று சொல்லியிருப்பேன். தந்தையரிடமும் அதைப் பயன்படுத்தலாம் என்று 2001-இலேயே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். தடுப்பூசி அட்டையின் ஓரத்தில் இரண்டு கேள்விகளுக்கு இடம் ஒதுக்கி, தாய் தந்தை இருவரிடமும் கேட்க வேண்டும் என்று சுகாதாரத் துறையினரை வேண்டுகிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது: இ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகு, இது பீதித் தாக்காக இருக்கலாம், இன்னாரைப் போய்ப் பாருங்கள் என்ற ஒரு வாக்கியம். அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. அந்த நேரத்தில் காதில் விழுவது எதுவும் மனத்தில் தங்குவதில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. இந்தக் கடிதத்தை வாசகர் கடிதப் பகுதியில் சுருக்கி வெளியிட்டாலும் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தத் தாய்க்கு அளிக்கப்பட்ட பதிலை மட்டும், ஒரு மனநல மருத்துவரைக் கொண்டு எழுதச்செய்து, அதே கேள்வி-பதில் பகுதியில், அவர் கேட்ட கேள்வியையும் சேர்த்து மீண்டும் வெளியிட வேண்டுகிறேன். குழந்தை தூங்கும் நேரத்தில் அவர் தேடிப் பார்க்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
மூன்று வயதுப் பெண்குழந்தையின் தந்தை